எம்.2 எஸ்எஸ்டி பயாஸில் தெரியவில்லையா? கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நன்றாக இருந்த ஒரு எஸ்எஸ்டியை (ஹார்ட் டிஸ்கைவிட வேகமான டிஸ்க்) ‘செத்துப்போச்சு’ என்று வாரன்டிக்கு அனுப்பினேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த விண்டோஸை அழித்துத் திரும்பப் போட வைத்தேன். கடைசியில் நல்ல மதர்போர்டையும் கழற்றிக் கொடுக்கப் போகிற நிலைமை. இத்தனைக்கும் எந்தப் பாகத்திலும் ஒரு கோளாறும் கிடையாது. ஆவணி முகூர்த்த வேலையில் ஒரு பகுதியை வெளியாளிடம் கொடுத்துவிட்டு நான் சும்மா உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். பயாஸுக்குள் (மெஷினை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் வருகிற அமைப்புத் திரை) எஸ்எஸ்டி எந்தெந்த இடத்தில் எந்த வேஷத்தில் தெரியும் என்று அப்போது ஒருவர் சொல்லியிருந்தால் அரை மணி நேர வேலை. யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மதுரையில் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். ஸ்டுடியோக்காரர்கள் ஹார்ட் டிஸ்கில் படங்களைக் கொடுத்தனுப்புவார்கள். கேமராவின் அசல் ரா ஃபைல்களோடு சேர்த்தால் ஒரு கல்யாணத்துக்கு 150 ஜிபி, 200 ஜிபி சர்வசாதாரணம். என் கம்ப்யூட்டர் 2021 கடைசியில் ஊர்க் கடையில் அசெம்பிள் செய்தது. இன்டெல் ஐ5-10400எஃப் பிராசசர், பி560 சிப்செட் போர்டு, சின்னதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, விண்டோஸுக்கு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, படங்களுக்கு 2 டிபி ஹார்ட் டிஸ்க். அந்தப் பிராசசரையும் அந்தப் போர்டையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வில்லங்கம் அந்த ஜோடியில்தான் இருந்தது.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ஸ்டுடியோக்காரர்களின் போனும் வராது. மெஷினைத் தொட அதுதான் நல்ல சமயம் என்று 2022 ஆடியில் 7,500 ரூபாய்க்கு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (சாட்டாவைவிட வேகமான வகை, விளக்கம் கீழே வரும்) வாங்கினேன். சுயிங்கம் பாக்கெட் அளவுக்கு ஒரு பச்சைத் தகடு. போர்டில் எம்.2 ஸ்லாட் இரண்டு இருந்தது. பிராசசருக்குப் பக்கத்தில் உலோக மூடியோடு ஒன்று, அடியில் மூடி இல்லாமல் வெறும் ஸ்லாட்டாக இன்னொன்று. மூடி போட்டிருப்பதுதான் ராஜ மரியாதையான இடம் என்று யாருக்கும் தோன்றும், யூடியூபில் பார்த்த எல்லாரும் அதில்தான் மாட்டினார்கள். சாய்வாகச் செருகி, அழுத்தி, திருகாணி போட்டு, மூடியின் ஒட்டுப்படலத்தை உரித்து மூடினேன்.

ஆன் செய்து டெலீட் பட்டனைத் தட்டி பயாஸுக்குள் போனேன். நான் பார்த்திருந்த வீடியோவில் ‘சாட்டா கான்ஃபிகரேஷன்’ பக்கத்தைத் திறந்து டிஸ்கைக் காட்டினார்கள். நானும் அங்கேயே போனேன். சாட்டா போர்ட் 1-ல் பழைய எஸ்எஸ்டி, 2-ல் ஹார்ட் டிஸ்க், மற்றதெல்லாம் ‘எம்ப்டி’. வயிற்றைக் கலக்கியது. உண்மையில் அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கலங்கவே வேண்டியதில்லை. என்விஎம்இ டிஸ்க் அந்தப் பட்டியலில் வரவே வராது. அங்கே அதைத் தேடுவது பெரியார் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு சென்னை வண்டி வரவில்லையே என்று பார்ப்பது மாதிரி. அந்த வண்டி மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன், குழப்பத்தில் முக்கால்வாசி இங்கேதான் ஆரம்பிக்கிறது. எம்.2 என்பது தகட்டின் வடிவம், அதற்கேற்ற ஸ்லாட்டின் வடிவம், அவ்வளவுதான். 2280 என்று போட்டிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். அந்த வடிவத்துக்குள் இரண்டு வேறு ஜாதி டிஸ்க்குகள் வருகின்றன. ஒன்று சாட்டா. பழைய இரண்டரை அங்குல எஸ்எஸ்டி பேசும் அதே பாஷை, வேகம் நொடிக்கு 550 எம்பி சுமார், அதற்கு மேல் போகாது. இன்னொன்று என்விஎம்இ. இது கிராஃபிக்ஸ் கார்டு போகிற பிசிஐஇ பாதையில் போகிறது. பிசிஐஇ 3.0-ல் 3,500 எம்பி வரையும் 4.0-ல் 7,000 எம்பி வரையும் எட்டுகிற டிஸ்க்குகள் உண்டு. எம்.2 சாட்டா டிஸ்க் பயாஸில் சாட்டா பட்டியலில் ஏதோ ஒரு போர்ட் எண்ணுக்கு நேரே உட்காரும். எம்.2 என்விஎம்இ டிஸ்குக்குத் தனியாக ‘என்விஎம்இ கான்ஃபிகரேஷன்’ என்று ஒரு பக்கம் இருக்கும். சில போர்டுகளில் இரண்டையும் ‘ஸ்டோரேஜ் கான்ஃபிகரேஷன்’ என்று ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாகப் போட்டிருப்பார்கள். ஜிகாபைட் போர்டென்றால் ‘ஐஓ போர்ட்ஸ்’ என்ற தலைப்புக்குள் தேடுங்கள். ஏசஸ் என்றால் ‘அட்வான்ஸ்டு’ தாவலில் இருக்கும்.

கையில் இருப்பது எந்த ஜாதி என்று தகட்டைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். தங்கநிறப் பற்களுக்கு நடுவே ஒரே ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு பக்கமும் வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ‘பெரும்பாலும்’ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, இரண்டு வெட்டோடு வந்த என்விஎம்இ டிஸ்க்குகளும் சில உண்டு. ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் நம்பரைப் போனில் அடித்துப் பார்த்துவிடுவது உத்தமம்.

நான் என்விஎம்இ பக்கத்தையும் கண்டுபிடித்துப் போனேன். அங்கேயும் ஒன்றும் இல்லை. இது மட்டும்தான் உண்மையாகவே கவலைப்பட வேண்டிய விஷயம். கழற்றி மாட்டினேன், துடைத்து மாட்டினேன், திருகாணியைத் தளர்த்தி மாட்டினேன். கடைசியில் கேபினெட்டோடு தூக்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைத் தம்பி என் மெஷினிலேயே ஆன் செய்து பார்த்துவிட்டு, “அக்கா, இது டெட் பீஸ். வாரன்டிக்குப் போட்டுருவோம், கவலப்படாதீங்க” என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அன்றைக்குக் கடையில் அவ்வளவு கூட்டம். ஆனால் இந்த இடத்தில் நீங்கள் ஒன்று கேட்டுவிட வேண்டும்: “தம்பி, இத வேற மெஷின்ல ஒரு தடவ மாட்டிக் காட்டுங்க.” அவ்வளவுதான் கேள்வி. கடையில் வேறு மெஷின் இல்லை என்றால், என்விஎம்இ டிஸ்கை யுஎஸ்பியில் மாட்டுகிற கேஸ் ஒன்று ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் செருகி ஒரு லேப்டாப்பில் பார்த்தால் டிஸ்க் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வாங்கும்போது சாட்டாவுக்கான கேஸா, என்விஎம்இ கேஸா என்று கேட்டு வாங்குங்கள். அங்கேயும் இதே குழப்பம் உண்டு.

வாரன்டிக்குப் போன டிஸ்க் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. ஆவணி பிறந்துவிட்டது, ஸ்டுடியோவிலிருந்து ஹார்ட் டிஸ்க்குகள் வர ஆரம்பித்துவிட்டன. பழைய எஸ்எஸ்டியில் 20 ஜிபிகூடக் காலியில்லை, ஃபோட்டோஷாப் பாதியில் நின்று ‘ஸ்க்ராட்ச் டிஸ்க் ஃபுல்’ என்று கத்துகிறது. என் தம்பி ஒருநாள் வந்து, தன் பழைய லேப்டாப்பில் கழற்றிப்போட்ட 256 ஜிபி எம்.2 தகடு ஒன்றைக் கொடுத்து, “தற்சமயத்துக்கு இத வச்சு ஓட்டுக்கா” என்றான். மேல் ஸ்லாட் புதுசுக்காக இருக்கட்டும் என்று அதைக் கீழ் ஸ்லாட்டில் மாட்டினேன். பயாஸில் உடனே தெரிந்தது, அதுவும் சாட்டா பட்டியலில், போர்ட் 2-க்கு நேரே. சந்தோஷமாக விண்டோஸுக்குள் போனால் ஹார்ட் டிஸ்கைக் காணோம். இரண்டு வருடத்து ஆல்பம் அதில்தான் இருக்கிறது. கை நடுங்கியது என்று எழுதினால் மிகை என்பீர்கள், நிஜமாகவே நடுங்கியது.

டிஸ்குக்கு ஒன்றும் ஆகவில்லை. நிறைய போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் சாட்டா போர்ட் ஒன்றும் ஒரே பாதையைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஸ்லாட்டில் சாட்டா தகடு ஏறினால் அந்தப் போர்ட் தானாக அணைந்துவிடும். சில போர்டுகளில் என்விஎம்இ தகடு போட்டாலும் ஒன்றிரண்டு போர்ட் அணையும். ஹார்ட் டிஸ்க் கேபிளைப் போர்ட் 2-லிருந்து பிடுங்கி வேறு போர்ட்டில் செருகினேன், எல்லாம் வந்துவிட்டது. எம்.2 மாட்டியதும் பழைய டிஸ்க் மறைந்தால் ரெக்கவரி கடையைத் தேடிப் போகாதீர்கள், முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். எந்த ஸ்லாட் எந்தப் போர்ட்டை அணைக்கும் என்பது போர்டின் மேனுவலில் கட்டம் போட்டுக் கொடுத்திருக்கும்.

வாரன்டியிலிருந்து வேறு பீஸ் வந்தது. மேல் ஸ்லாட்டில் மாட்டினேன், அதுவும் தெரியவில்லை. அந்த ராத்திரி எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அடுத்தது வீட்டுக்கு வந்து பார்க்கிற சர்வீஸ்காரர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் பயாஸில் ‘சாட்டா மோட்’ என்ற இடத்தில் ஏஎச்சிஐ (வழக்கமான மோட்) என்று இருந்ததை ‘இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி’, சுருக்கமாக ஆர்எஸ்டி, என்ற நீளப் பெயருள்ள மோடுக்கு மாற்றினார். டிஸ்க் தெரியவில்லை என்பதோடு, ஓடிக்கொண்டிருந்த விண்டோஸும் ‘இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்று நீலத்திரையில் நின்றுவிட்டது. “விண்டோஸ் கரெப்ட் ஆயிருச்சு மேடம், திரும்பப் போடணும்” என்றார். போட்டார். வந்ததுக்கும் விண்டோஸுக்கும் சேர்த்து 1,500 ரூபாய். பணம்கூடப் பரவாயில்லை. வருடக்கணக்காகச் சேர்த்த தமிழ் ஃபான்ட்டுகள், ஃபோட்டோஷாப் ஆக்‌ஷன்கள், பிரஷ்கள் எல்லாம் சி டிரைவோடு போனது இன்றைக்கும் வலிக்கிறது. பத்திரிகை வாசகத்துக்கு நான் வைத்திருந்த ஒரு ஃபான்ட் இதுவரை திரும்பக் கிடைக்கவில்லை.

விண்டோஸ் கெட்டிருக்கவே இல்லை. எந்த மோடில் போட்டதோ அந்த மோடுக்கான டிரைவரைத்தான் விண்டோஸ் பூட் ஆகும்போது ஏற்றும். மோடை மாற்றினால் தன் சொந்த டிஸ்கையே அதற்கு அடையாளம் தெரியாது. திரும்ப ஏஎச்சிஐ-க்கு மாற்றியிருந்தால் பழையபடி ஓடியிருக்கும். நிஜமாகவே மோடை மாற்றியாக வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் என்ற கருவியைத் திறந்து பூட் தாவலில் ‘சேஃப் பூட்’ டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸுக்குள் போய் மோடை மாற்றுங்கள். சேஃப் மோடில் ஒருமுறை ஏறிவிட்டால் விண்டோஸ் புது டிரைவரைப் பிடித்துக்கொள்ளும், பிறகு டிக்கை எடுத்துவிடலாம். யாராவது உங்கள் மெஷினில் சாட்டா மோடில் கை வைத்தால், பழைய மதிப்பு என்ன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டாம், மெஷின் உங்களுடையது.

அதே சர்வீஸ்காரர் தன் பையிலிருந்த ஒரு எம்.2 தகட்டை மேல் ஸ்லாட்டில் போட்டுப் பார்த்தார். இரண்டு வெட்டு இருந்தது அதில். அதுவும் தெரியவில்லை. “ஸ்லாட் போச்சு, போர்டை வாரன்டிக்குக் கொடுங்க” என்று முடித்துவிட்டார். ஆவணி நடுவில் போர்டைக் கொடுத்தால் மெஷினே இல்லை. அந்த வாரம் வந்த ஆல்பங்களைத் தெரிந்த ஒரு டிசைனரிடம் தள்ளிவிட்டேன். அதில் போன லாபம் ஒன்பதாயிரம் இருக்கும். ஸ்டுடியோக்காரர் ஒருவர் அடுத்த முறையும் அவரிடமே கொடுத்துவிட்டார், அதை எந்தக் கணக்கில் எழுத?

எனக்கு உறுத்தியது தம்பி கொடுத்த தகடுதான். அது கீழ் ஸ்லாட்டில் சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் மேல் ஸ்லாட்டுக்கு மட்டும் என்ன கேடு? மேனுவலைப் போனில் இறக்கி, ஸ்டோரேஜ் என்ற பகுதியை எழுத்துக்கூட்டிப் படித்தேன். மேல் ஸ்லாட்டின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் அதன் விளக்கம்: 11ஆம் தலைமுறை பிராசசர் இருந்தால் மட்டுமே இந்த ஸ்லாட் வேலை செய்யும்.

விஷயம் இதுதான். என் 10400எஃப் 10ஆம் தலைமுறை. இன்டெல்லின் 10ஆம், 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் இரண்டும் ஒரே எல்ஜிஏ1200 சாக்கெட்டில் உட்காரும். 10ஆம் தலைமுறையில் பிராசசரிலிருந்து நேரே வருகிற பிசிஐஇ பாதைகள் 16, அவ்வளவும் கிராஃபிக்ஸ் கார்டுக்கே போய்விடும். 11ஆம் தலைமுறையில் அதை 20 ஆக்கி, கூடுதல் நான்கை ஒரு எம்.2 ஸ்லாட்டுக்கு ஒதுக்கினார்கள். பி560, எச்570, இசட்590 போர்டுகளில் பிராசசருக்குப் பக்கத்து ஸ்லாட் வழக்கமாக அந்த நான்கு பாதையை நம்பி வைத்தது. 10ஆம் தலைமுறை பிராசசரைப் போட்டால் அந்த ஸ்லாட்டுக்கு வயரே வந்து சேரவில்லை என்று அர்த்தம். எந்த டிஸ்கை மாட்டினாலும் பயாஸ் எதையும் காட்டாது, பிழைச் செய்தியும் வராது. அந்தச் சமயத்தில் 10400எஃப் மலிவு, பி560 போர்டு புதுசு என்பதால் இந்த ஜோடியை ஊரெங்கும் விற்றார்கள். என்னைப்போல் எத்தனை பேர் நல்ல டிஸ்கை வாரன்டிக்கு அனுப்பினார்களோ. இதோடு என் போர்டின் மேல் ஸ்லாட் சாட்டா தகட்டை எந்தப் பிராசசரிலும் ஏற்காது, பிசிஐஇ மட்டும்தான். ஆக சர்வீஸ்காரரின் சோதனைத் தகடு இரட்டைத் தவறான இடத்தில் இருந்திருக்கிறது. ஏஎம்டியிலும் இந்தச் சங்கதி உண்டு, ஆனால் இவ்வளவு கொடுமையாக இல்லை. பி550 போர்டில் ரைசன் 5600எக்ஸ் போட்டால் முதல் ஸ்லாட் 4.0 வேகம், 5600ஜி போட்டால் 3.0 வேகம். டிஸ்க் தெரியும், வேகம்தான் குறையும்.

தம்பியின் தகட்டை எடுத்துவிட்டு என்விஎம்இ-யைக் கீழ் ஸ்லாட்டில் வைத்தேன். என்விஎம்இ பக்கத்தில் கம்பெனி பெயர், மாடல் நம்பர், 1000.2 ஜிபி என்று வரிசையாக வந்தது. சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. மூடி போட்ட ஸ்லாட்டின் பக்கத்தில் போர்டிலேயே ஒரு வரி அச்சடித்திருக்கக் கூடாதா?

இதோடு முடியவில்லை. விண்டோஸைப் புது டிஸ்கிலேயே வைக்கலாம் என்று பழைய டிஸ்கை அப்படியே க்ளோன் செய்தேன். என்விஎம்இ பக்கத்தில் டிஸ்க் தெரிகிறது, பூட் வரிசையில் மட்டும் வரமாட்டேன் என்கிறது. நிறையப் பேர் தடுக்கி விழுகிற அடுத்த பள்ளம் இது. டிஸ்க் கண்டறியப்பட்டது என்பது வேறு, அதிலிருந்து பூட் ஆகலாம் என்பது வேறு. என்விஎம்இ டிஸ்க் என்றால், யுஇஎஃப்ஐ (பயாஸின் புது முறை) முறைக்கான பூட் ஃபைல் இருந்தால்தான் பூட் பட்டியலில் வரும், அதுவும் பெரும்பாலும் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்ற பெயரில். வெறும் புது டிஸ்க் அங்கே இல்லாமல் இருப்பது இயல்புதான், பயப்பட ஒன்றுமில்லை. என் விஷயத்தில், சர்வீஸ்காரர் பழைய முறையில், அதாவது சிஎஸ்எம் (பழைய முறைக்கு இடம்கொடுக்கும் பயாஸ் அமைப்பு) ஆன் செய்து, எம்பிஆர் என்ற பழைய பிரிவினையில் விண்டோஸ் போட்டுவிட்டுப் போயிருந்தார். அந்தப் பழைய முறையில் என்விஎம்இ டிஸ்கிலிருந்து பூட் ஆவதில்லை, விதிவிலக்காக ஓரிரு மாடல்களைத் தவிர. விண்டோஸ் 10-ன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்று ஒரு கருவி கூடவே வருகிறது, டேட்டா அழியாமல் ஜிபிடி என்ற புதுமுறைப் பிரிவினைக்கு மாற்றித்தரும். எனக்கு அதற்குள் பொறுமை போய்விட்டது, ஏற்கனவே காலியான விண்டோஸ்தானே என்று புதிதாகவே போட்டுவிட்டேன்.

புதிதாகப் போடுகிறவர்கள் இரண்டு இடத்தில் கவனமாக இருங்கள். பென் டிரைவைச் செருகி பூட் மெனுவைத் திறந்தால் ஒரே பென் டிரைவ் இரண்டு தடவை தெரியலாம், ஒன்றின் முன்னால் ‘யுஇஎஃப்ஐ’ என்று இருக்கும், இன்னொன்றில் இருக்காது. முன்னொட்டு இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். மற்றதை எடுத்தால், ‘ஜிபிடி டிஸ்கில் விண்டோஸ் போட முடியாது’ என்று இன்ஸ்டாலர் முரண்டு பிடிக்கும். பிறகு, இன்ஸ்டால் முடியும் வரை மற்ற டிஸ்க்குகளின் கேபிளைப் பிடுங்கி வையுங்கள். பழைய டிஸ்கில் ஏற்கனவே ஒரு பூட் பகுதி இருந்தால் விண்டோஸ் புது டிஸ்கில் உட்கார்ந்துகொண்டு சாவியை, அதாவது பூட் ஃபைலை, பழைய டிஸ்கில் வைத்துவிடும். ஆறு மாதம் கழித்துப் பழைய டிஸ்கைக் கழற்றும்போதுதான் தெரியும். கூடுதல் டிஸ்காக மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறந்து ஜிபிடி என்று தொடங்கிவைத்து ஃபார்மட் செய்தால் போதும், அதைச் செய்யும்வரை ‘திஸ் பிசி’யில் டிஸ்க் தெரியாது.

இந்தக் கூத்துக்கெல்லாம் பிறகு எங்கள் டிசைனர் வட்டத்தில் டிஸ்க் பிரச்சினை என்றால் எனக்குத்தான் போன் வருகிறது. அப்படி வந்ததில் ஒன்று லேப்டாப் சம்பந்தப்பட்டது. இன்டெல் 11ஆம் தலைமுறை லேப்டாப், பயாஸில் டிஸ்க் தெரிகிறது, விண்டோஸ் இன்ஸ்டாலரில் ஒரு டிஸ்கும் இல்லை என்கிறது. அங்கேயும் ‘டிஸ்க் போச்சு’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். அந்தத் தலைமுறையிலிருந்து நிறைய லேப்டாப்பில் விஎம்டி என்ற இன்டெல் ஸ்டோரேஜ் அமைப்பு ஆன் ஆகியே வருகிறது. என்விஎம்இ டிஸ்க் அதற்குப் பின்னால் நிற்பதால் பயாஸிலும் சில சமயம் என்விஎம்இ பக்கத்தை விட்டுவிட்டு ‘ரேப்பிட் ஸ்டோரேஜ்’ பக்கத்தில் தெரியும், இன்ஸ்டாலருக்கோ அதன் டிரைவர் இல்லாமல் கண்ணே தெரியாது. லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரித்து, பென் டிரைவில் போட்டு, இன்ஸ்டாலரில் ‘லோட் டிரைவர்’ கொடுத்தால் டிஸ்க் வந்துவிடும். விஎம்டியை அணைத்தாலும் வரும். ஆனால் உள்ளே ஏற்கனவே ஓடுகிற விண்டோஸ் இருந்தால் அணைக்காதீர்கள், என் வீட்டில் வந்த அதே நீலத்திரை வரும். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். பயாஸில் எதையாவது மாற்றியதும் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டு உட்கார்ந்துவிடும். புது லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த உடனேயே நமக்குத் தெரியாமலே அது ஆன் ஆகியிருப்பது உண்டு. கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பயாஸைத் தொடுங்கள்.

இன்னொன்று, மேலூரில் ஒரு ஸ்டுடியோ அண்ணனுடையது. நான்காம் தலைமுறை பிராசசர், எச்81 போர்டு. எம்.2 ஸ்லாட்டே கிடையாது, பிசிஐஇ அடாப்டர் கார்டு ஒன்று வாங்கி அதில் என்விஎம்இ தகட்டைப் போட்டிருந்தார். விண்டோஸுக்குள் டிஸ்க் தெரிகிறது, பயாஸில் தெரியவில்லை. அந்தக் காலத்துப் பயாஸ்களில் என்விஎம்இ டிரைவரே இருக்காது, விண்டோஸிடம் இருப்பதால் உள்ளே போன பிறகு தெரிகிறது. படங்கள் வைக்கிற இரண்டாவது டிஸ்காக அது தாராளமாக ஓடும், பூட் மட்டும் ஆகாது. பயாஸ் ஃபைலுக்குள் டிரைவரை நுழைத்து ஏற்றுகிற சூரர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்த போர்டில் டிஸ்க் ‘பாட்டா எஸ்எஸ்’ என்ற சம்பந்தமில்லாத பெயரில் பூட் பட்டியலில் வருவதுண்டு. தவறினால் போர்டு போய்விடும். “அண்ணே, அந்தக் காசுக்கு இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி வாங்கி விண்டோஸ் போடுங்க” என்றேன். கேட்டுக்கொண்டார். என் சொந்த அபிப்பிராயமும் அதுதான். ஆல்பம் வேலைக்கு ஹார்ட் டிஸ்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறும்போது தெரிகிற வித்தியாசம், சாட்டாவிலிருந்து என்விஎம்இ-க்கு மாறும்போது அந்த அளவுக்குத் தெரியவில்லை. பெரிய ஃபோட்டோஷாப் (பிஎஸ்டி) ஃபைல் சேமிக்கும்போது தெரிகிறது, ஸ்டுடியோ ஹார்ட் டிஸ்கிலிருந்து காப்பி செய்யும்போது கொஞ்சமும் தெரியாது, வேகம் அந்த ஹார்ட் டிஸ்கின் கையில் இருக்கிறது.

பயாஸ் அப்டேட் செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்டேட் முடிந்ததும் பெரும்பாலும் எல்லா அமைப்பும் கம்பெனி வைத்த நிலைக்குத் திரும்பிவிடும். சாட்டா மோட், விஎம்டி, சிஎஸ்எம், பூட் வரிசை எதுவும் நீங்கள் வைத்தபடி இருக்காது, காலையில் ஓடிய மெஷின் மத்தியானம் பூட் ஆகாது. நான் இப்போதெல்லாம் சாட்டா பக்கம், என்விஎம்இ பக்கம், பூட் பக்கம், சிஎஸ்எம் இருக்கும் பக்கம் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துவிட்டுத்தான் தொடுகிறேன். பயாஸில் எஃப்12 தட்டினால் பென் டிரைவிலேயே ஸ்க்ரீன்ஷாட் சேமிக்கிற போர்டுகளும் இருக்கின்றன. எப்படி எடுத்தாலும் சரி, அந்தப் படங்களை அதே கம்ப்யூட்டரில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.